முதலில் புகை, பிறகு சூடு: கிரில்லில் புகை மணக்கும் அன்னாசி இனிப்பு – முழுமையான வழிகாட்டி

சமையல் முடிந்து எல்லோரும் தட்டோடு உட்காரும்போது கிரில்லில் தணல் இன்னும் கனன்றுகொண்டுதான் இருக்கும். இறைச்சி வாட்ட அந்தச் சூடு போதாது, சரி. ஆனால் பழத்துக்குப் புகை போட அதுதான் பொருத்தமான சூடு. ஒரு கைப்பிடி மரச்சீவலும் ஓர் அன்னாசிப்பழமும் இருந்தால் போதும், பழத்தை ஃபிரிட்ஜில் குளிர வைக்கும் நேரம் போக 45 நிமிடத்தில் இனிப்பு தயார்.

கிரில்லில் சுட்ட பழம் என்றாலே துண்டுகளை நேராகக் கொதிக்கும் கம்பியில் போட்டு, கறுப்புக் கோடு விழுந்ததும் எடுத்துவிடுவார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் புகை மணம் அதில் இருக்காது. இரண்டு மூன்று நிமிடத்தில் புகை ஏற நேரம் எங்கே இருக்கிறது? அதனால் நான் வலியுறுத்தப் போவது ஒரே ஒரு வரிசையைத்தான். பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே புகையைக் காட்டிவிட வேண்டும், வெண்ணெய் பூசுவதும் வாட்டுவதும் கடைசி 5 நிமிட வேலை. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால், அதாவது சர்க்கரை பூசி வாட்டிய பழத்துக்கு அப்புறம் புகை போடப் பார்த்தால், சர்க்கரை கருகிக் கசப்புதான் மிஞ்சும்.

ஏன் அன்னாசி

புகை போட முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் அன்னாசியைத்தான் சொல்வேன். அரை மணி நேரம் அனலில் இருந்தாலும் அது குழைந்து கம்பிக்கிடையே வழியாது. அதைவிட முக்கியம் அதன் புளிப்பு. புகைக்கு இயல்பாகவே லேசான கசப்பு உண்டு. வெறும் இனிப்பு மட்டும் உள்ள பழத்தில் அந்தக் கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், புளிப்பும் கூட இருந்தால் இரண்டோடும் கலந்து அடங்கிவிடும்.

பழுத்த பழமாக இருக்க வேண்டும், ஆனால் அளவுக்கு மீறிக் கனிந்திருக்கக் கூடாது. அடிப்பாகத்தை முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனை வந்தால் எடுத்துக்கொள்ளலாம், புளித்த மது போன்ற வாடை வந்தால் வேண்டாம். டின்னில் வரும் அன்னாசி அவசரத்துக்கு உதவும். அது ஏற்கெனவே வெந்தது என்பதால் சாற்றை நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு, கீழே சொல்லும் நேரத்தில் பாதி மட்டும் கொடுங்கள்.

தலையையும் அடியையும் வெட்டிவிட்டுப் பழத்தை நிமிர்த்தி வைத்து, அதன் வளைவை ஒட்டியே கத்தியை மேலிருந்து கீழாக இறக்கித் தோலைச் சீவுங்கள். கண்களையும் சேர்த்துப் போக்க வேண்டுமென்று ஆழமாகச் சீவினால் பாதிச் சதை தோலோடு போய்விடும். தோல் போனதும் உற்றுப் பாருங்கள், அந்தக் கண்கள் சும்மா சிதறிக் கிடக்கவில்லை, சாய்வான வரிசைகளாகப் பழத்தைச் சுற்றி ஓடுகின்றன. ஒரு வரிசையின் இருபுறமும் கத்தியைச் சாய்த்து மெல்லிய பள்ளமாக வெட்டினால் கண்கள் மொத்தமும் ஒரே நாடாவாக வந்துவிடும். பிறகு 2 செ.மீ. கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் புகை ஏறுவதற்குள் உலர்ந்துவிடும். நடுத்தண்டை நான் எடுப்பதில்லை, இடுக்கியால் திருப்பும்போது வட்டம் உடையாமல் தாங்குவது அதுதான்.

நறுக்கிய வட்டங்களை ஒரு தட்டில் பரப்பி, இரு பக்கமும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, மூடாமல் ஃபிரிட்ஜில் 30 நிமிடம் வையுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோர்க்குமே, புகை பழத்தில் படிவதும் ஏறக்குறைய அப்படித்தான். புகையில் உள்ள மணப்பொருள்களில் பல ஆவியாக வருகின்றன. குளிர்ச்சியும் ஈரப்பசையும் உள்ள பரப்பைக் கண்டால் அங்கே படிந்து கரைந்துவிடும். பழம் சூடாகி மேல்பரப்பு காய்ந்துவிட்டால் அவ்வளவாகப் படியாது. ஈரப்பசை என்றால் சாறு சொட்டச் சொட்ட என்று பொருள் இல்லை, சொட்டும் சாறு படிந்த புகையையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒரு துணியால் லேசாக ஒற்றிவிடுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

4 பேருக்கு ஒரு நடுத்தர அன்னாசி போதும், சுமார் 8 வட்டங்கள் கிடைக்கும். மேலே பூச 50 கிராம் உப்பில்லாத வெண்ணெய், 60 கிராம் பழுப்புச் சர்க்கரை, 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. பரிமாற வெனிலா ஐஸ்கிரீம் அல்லது கெட்டித் தயிர். கருவி என்று பார்த்தால் மூடியுள்ள கிரில், நீளமான இடுக்கி, கம்பியைத் தேய்க்க ஒரு பிரஷ், வெண்ணெய் பூச இன்னொரு பிரஷ், கனமான சிறு வாணலி, அவ்வளவுதான். கிரில்லின் மூடியில் இருக்கும் வெப்பமானியை அப்படியே நம்ப வேண்டாம். அது காட்டுவது மூடிக்குக் கீழே உள்ள சூட்டை, பழம் இருக்கும் கம்பி மட்டத்தில் சூடு வேறாக இருக்கும். தனி வெப்பமானி இருந்தால் அதைப் பழத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கம்பியைத் தேய்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போய் நான் ஒரு தடவை முழுப் பழத்தையும் வீணாக்கியிருக்கிறேன். மீன் வாட்டிய அதே கம்பியில், மேலோட்டமாகத் துடைத்துவிட்டு அன்னாசியை வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது, வாயில் வைத்தால் மீன் வாடை. பழத்துக்கென்று அழுத்தமான வாசனை கிடையாது என்பதால் பழைய கொழுப்பும் பூண்டும் அதில் உடனே தெரிந்துவிடும். தணல் நல்ல சூட்டில் இருக்கும்போதே மூடியைப் போட்டு 10 நிமிடம் கம்பியைக் காய வைத்து, ஒட்டியிருப்பது கருகியதும் பிரஷால் அழுத்தித் தேய்த்து, ஈரத்துணியை இடுக்கியில் சுற்றி ஒருமுறை துடையுங்கள். உலோகப் பிரஷ் என்றால் அதன் கம்பி முடி ஏதும் உதிர்ந்து ஒட்டியிருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள், அது உணவோடு உள்ளே போனால் ஆபத்து.

மரம்

ஆப்பிள், செர்ரி, பீச் போன்ற பழ மரங்களின் புகை மென்மையானது, இனிப்புக்கு அதுதான் ஏற்றது. பீக்கன் மரமும் சேரும். ஹிக்கரி அழுத்தமானது, அதைப் போட்டால் அளவைப் பாதியாகக் குறையுங்கள். மெஸ்கீட் மரத்தைப் பழத்துக்கு நான் பயன்படுத்தவே மாட்டேன், அது பெரிய இறைச்சித் துண்டுகளுக்கு ஆகும். பைன் போன்ற பிசின் உள்ள மரம், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், ரசாயனம் ஏற்றிய கட்டை இவை எதுவும் கிரில் பக்கமே வரக் கூடாது. அவற்றின் புகை கசப்பு மட்டும் இல்லை, உடம்புக்கும் கேடு.

சீவலை முதலில் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். வேண்டாம். மரம் அந்த நேரத்தில் உறிஞ்சும் தண்ணீர் மிகக் குறைவு, மேலே ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும் வரை புகையே ஒழுங்காக வராது. முதலில் வரும் வெள்ளைப் படலத்தைப் பார்த்துப் புகை என்று நினைப்போம், அதில் பெரும்பங்கு நீராவிதான். உலர்ந்த சீவல், ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம். கட்டைத் துண்டாக இருந்தால் முட்டை அளவில் ஒன்று.

மரத்தில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்று மூன்று முக்கியப் பொருள்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் சர்க்கரைகள் கோத்த சங்கிலிகள், அவை சூட்டில் சிதையும்போது கேரமல் போன்ற இனிய வாசனை வருகிறது. லிக்னின் சிதையும்போதுதான் நாம் புகை மணம் என்று உணரும் குவாயகால், சிரிங்கால் என்ற மணப்பொருள்கள் வருகின்றன. கூடவே கொஞ்சம் வனிலினும் வரும், வெனிலாவுக்கு அதன் வாசனையைத் தருகிற அதே பொருள். புகை போட்ட பழத்தோடு வெனிலா ஐஸ்கிரீம் ஏன் அவ்வளவு இயல்பாகச் சேர்கிறது என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தீயை ஒரு பக்கமாக ஒதுக்குவது

கரியை கிரில்லின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள், மறு பாதி காலியாக இருக்கட்டும். பழம் காலிப் பக்கத்தில் இருக்கும், நேரடி அனல் அதன் மேல் படாது. சமைத்து முடித்த தணல் மீதம் இருந்தால் அதையே ஒரு ஓரத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். புதிதாக மூட்டுவதென்றால் நடுத்தர கிரில்லுக்கு 15 முதல் 20 பிரிக்கெட் (அழுத்திச் செய்த கரிக்கட்டி) போதும். பற்றவைக்கத் திரவம் எதுவும் ஊற்றாதீர்கள், அதன் வாடை பழத்தில் ஏறிவிடும். சிம்னி ஸ்டார்ட்டர் என்கிற உலோக உருளையில் கரியைப் போட்டு அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் 15, 20 நிமிடத்தில் மேலே சாம்பல் பூத்துவிடும். சாம்பல் பூக்காத கரியில் பழத்தை வைக்க வேண்டாம்.

மூடியை மூடும்போது மேல் காற்றுத் துளை பழத்துக்கு நேர் மேலே வரும்படி திருப்புங்கள். அப்போதுதான் புகை கரிப் பக்கமிருந்து எழுந்து, பழத்தைத் தடவிக்கொண்டு வெளியே போகும். மேல் துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும், சூட்டைக் கூட்டிக் குறைப்பது கீழ்த் துளையால் மட்டுமே. புகை வெளியே போகிறதே, வீணாகிறதே என்று மேல் துளையை அடைத்தால் உள்ளே தேங்கிய புகை தார் போலப் படிந்து, தொண்டை கமறும் கசப்பாகிவிடும். கம்பி மட்டத்தில் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி.

கேஸ் கிரில் என்றால் ஒரு பர்னரை மட்டும் எரியவிட்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். சீவலை அலுமினியம் ஃபாயிலில் பொட்டலமாக மடித்து, மேலே ஐந்தாறு துளை குத்தி, எரியும் பர்னருக்கு மேல் வையுங்கள். புகை வரும் வரை தீ கூடுதலாக இருக்கட்டும், வந்ததும் குறையுங்கள். பழம் மறு ஓரத்தில்.

எந்த கிரில்லாக இருந்தாலும் திறந்த வெளியில்தான். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழை வந்துவிட்டது என்று ஷெட்டுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நகர்த்துவது உயிருக்கே ஆபத்து.

புகை போடும் 25 நிமிடம்

சீவலைத் தணலின் மேல் தூவி மூடியைப் போடுங்கள். திறந்தே வைத்தால் சீவல் புகையாமல் தீப்பிடித்து எரிந்துவிடும். முதலில் கனத்த வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். அப்போது பழத்தை வைக்காதீர்கள். மரம் சரியாக எரியாமல் வரும் புகை அது, கசப்பும் கரி வாடையும் அதில்தான். 5 நிமிடம் பொறுத்தால் மெலிந்து, பின்னால் இருப்பது தெரிகிற அளவுக்கு, லேசாக நீலம் படர்ந்த புகையாக மாறும். இனிப்பைப் பொறுத்தவரை நல்ல புகைக்கும் கெட்ட புகைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த 5 நிமிடப் பொறுமையில் இருக்கிறது.

இப்போது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஒற்றிய வட்டங்களைக் காலிப் பக்கத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். பக்கத்திலேயே சிறு வாணலியில் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத் தூளும் உப்பும் போட்டு வைத்துவிடுங்கள், பழத்தோடு சேர்ந்து அதுவும் உருகும். கொழுப்பு புகையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வெண்ணெயிலும் மணம் ஏறியிருக்கும். மூடியைப் போடுங்கள். 15 நிமிடத்துக்குத் திறக்க வேண்டாம், திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடும் புகையும் போய், காற்று பட்ட தணல் கிளம்பிவிடும்.

முதல் தடவை திறக்கும்போது பழம் பளிச்சென்ற மஞ்சளை விட்டு மங்கலான தேன் நிறத்துக்கு வந்திருக்கும். மேலே சாறு சின்னச் சின்ன மணிகளாகத் திரண்டு நிற்கும், விரலால் தொட்டால் ஒட்டும். ஓரங்கள் கொஞ்சம் தளர்ந்து, நடுத்தண்டைச் சுற்றி இன்னும் இறுக்கமாக இருக்கும். வட்டங்களைத் திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். புகை நின்றுபோயிருந்தால் இரண்டு விரலால் எடுக்கிற அளவுக்கு மட்டும் சீவல் சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

புகை போதுமா என்று பார்க்க ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ருசி பாருங்கள், ஆனால் அந்தத் துண்டை உங்களை விட, இவ்வளவு நேரம் வீட்டுக்குள் இருந்த ஒருவரிடம் கொடுப்பது நல்லது. கிரில் பக்கத்தில் அரை மணி நேரம் நின்ற மூக்கு புகைக்குப் பழகிவிடும், எவ்வளவு ஏறினாலும் போதவில்லை என்றே தோன்றும். எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றுகிற இடத்திலேயே நிறுத்திவிடுவேன். சாப்பிட உட்காரும்போது அது சரியாக இருக்கும்.

வாட்டுவது

மூடியை எடுத்துவிட்டுக் கீழ்த் துளையை முழுதாகத் திறங்கள். காற்று கிடைத்ததும் சாம்பலுக்கு அடியிலிருந்த தணல் இரண்டு மூன்று நிமிடத்தில் சிவந்துவிடும். தணலுக்கு மேலே சற்று உயரத்தில் கையைக் காட்டிப் பார்த்தும் சூடு போதவில்லை என்றால் நன்றாகப் பற்றிய கரி ஐந்தாறு சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் உருகிய வெண்ணெயில் எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கலக்குங்கள்.

வட்டங்களின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசி, பூசிய பக்கம் கீழே இருக்கும்படி தணலுக்கு நேர் மேலே வையுங்கள். 2 நிமிடம், அசைக்காமல். பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை சுமார் 110 டிகிரியிலேயே கேரமலாக ஆரம்பிக்கும், சாதாரணச் சர்க்கரைக்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். பழத்தின் நீர் வற்றும் வரை எதுவும் நடக்காதது போல இருக்கும், வற்றியதும் அரை நிமிடத்தில் நிறம் மாறிவிடும், அதனால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். இடுக்கியால் தூக்கிப் பார்க்கும்போது ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இழுக்க வேண்டாம். சர்க்கரை பதத்துக்கு வந்ததும் தானே விட்டுவிடும். மேல் பக்கத்திலும் பூசித் திருப்பி இன்னும் 2 நிமிடம். வெண்ணெய் சொட்டித் தீ எழும்பினால் பழத்தை உடனே காலிப் பக்கத்துக்கு நகர்த்துங்கள், அந்தத் தீயின் கரிப்புகை நீங்கள் பார்த்துப் பார்த்து ஏற்றிய மணத்தை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

வாட்டிய வட்டங்களை மீதிப் பாகு உள்ள வாணலியில் போட்டு 5 நிமிடம் அப்படியே விடுங்கள். பழம் விடும் சாறும் வெண்ணெயும் சேர்ந்து கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். வார்ப்பிரும்பு வாணலி என்றால் அதிலேயே மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், புளிப்பு பட்டு இரும்பு வாடை ஏறும்.

பரிமாறும்போது ஒரு எச்சரிக்கை

வேகாத அன்னாசியில் புரொமிலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தைச் சிதைக்கும். ஐஸ்கிரீம், தயிர், கிரீம் எதனோடு பச்சையாகச் சேர்த்து வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் கசக்க ஆரம்பிப்பது அதனால்தான். நல்ல சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும், ஆனால் சூடு நடுப்பகுதி வரை போயிருக்க வேண்டும். தண்டை ஒட்டி இன்னும் மொறுமொறுப்பாக இருந்தால் வாணலியைத் தணல் பக்கம் நகர்த்தி இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு ஒரு தட்டுக்கு இரண்டு வட்டம், வெதுவெதுப்பாக, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம், அதன் மேல் வாணலிப் பாகு, கடைசியாக நான்கைந்து உப்புக்கல்.

வேறு பழம் என்றால்

பீச் பழத்தைப் பாதியாக வெட்டிக் கொட்டையை எடுத்து, வெட்டிய பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால் அந்தக் குழியே வெண்ணெய்க்குக் கிண்ணமாகிவிடும். 20 நிமிடம் போதும். ஆப்பிளும் பேரிக்காயும் இறுக்கமானவை, சூட்டை 150 டிகிரிக்கு உயர்த்தி முக்கால் மணி நேரமாவது கொடுங்கள், சீவலை முதல் 20 நிமிடத்துக்கு மட்டும் போட்டால் போதும். வாழைப்பழத்தைத் தோலோடு நீளவாக்கில் பிளந்து, தோல் கீழே இருக்கும்படி 12 முதல் 15 நிமிடம். பிளக்காமல் வைத்தால் தோலைத் தாண்டிப் புகை போகாது. மாம்பழம் சற்று விறைப்பாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்ரிகளை அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி வைத்தால் வெடித்துத் தானே சாஸ் ஆகிவிடும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தர்பூசணியைப் பலமுறை முயன்று பார்த்துவிட்டேன். அதில் அவ்வளவும் தண்ணீர், சூட்டில் தொய்ந்துபோகிறது, புகையும் நிற்பதில்லை. இனிப்புக்கு அது வேண்டாம்.

மீதமான வட்டங்களைப் பாகோடு மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் 3 நாள் தாங்கும். புகை உள்ளே ஊறி, மறுநாள் மணம் இன்னும் சீராகப் பரவியிருக்கும், காலையில் கெட்டித் தயிரோடு அப்படியே குளிர்ச்சியாகச் சாப்பிடலாம். கிரில்லை மட்டும் அன்றிரவே காலி செய்யப் பார்க்காதீர்கள். எல்லாத் துளைகளையும் மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாள்கூட உயிரோடு இருக்கும், முழுக்க ஆறியதை உறுதிசெய்த பிறகே மூடியுள்ள உலோக வாளியில் கொட்டுங்கள்.